பின்னால் திரும்பினால் சுற்றும் உலகம்: கழுத்தில் நெரிபடும் நாடியால் வந்த தலைச்சுற்று (நிகழ்வு ஆய்வு)

நோயாளர்

47 வயது ஆண். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உழவு மெசின் ஓட்டுபவர். அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. பெரும்போகக் காலத்தில் நாளுக்கு எட்டு, பத்து மணித்தியாலம் சீற்றில் இருப்பார். மூன்று வருடமாக உயர் குருதியமுக்கத்துக்கு லொசார்ட்டன் 50 மி.கி. எடுக்கிறார். நீரிழிவு இல்லை, புகைப்பதில்லை, வெற்றிலை போடுவார். கழுத்தில் அடிபட்டதாகவோ விபத்தில் சிக்கியதாகவோ சொல்லவில்லை.

ஒக்டோபர் கடைசியில், புழுதி உழவின்போது, பின்னால் பூட்டிய, மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் சரியான ஆழத்துக்கு இறங்குகிறதா என்று வலத்தோளுக்கு மேலால் பின்னே பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். சில விநாடிகளில் வயல் முழுவதும் சுழன்றது. கிளச்சை மிதித்து மெசினை நிறுத்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னே குனிந்தார். பத்து எண்ணுவதற்குள் சுற்று நின்றது. மறுபடி திரும்பிப் பார்த்தார், மறுபடி சுற்றியது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று தடவையாவது வந்தது. டிசம்பரில், வயலின் கடைசி ஓரத்தில் மெசினைத் திருப்பும்போது வரம்பில் ஏற்றிக் கவிழப் பார்த்த பிறகுதான் விரிவான பரிசோதனைக்கு வந்தார்.

அவருடைய வாயால் வந்த முறைப்பாடு இது: “பொறத்தால திரும்பிப் பாத்தா கொஞ்சத்துல வலப்பக்கமோ இடப்பக்கமோ தெரியாது, காது இரையும். பிறகு எல்லாம் சுத்தும். முன்னுக்குப் பாத்தா நிண்டிரும்.” கூட வந்த மனைவி ஒரு சொல் சேர்த்தார்: “அந்த நேரம் இவர்ட கண் ரெண்டும் துடிச்சித் துடிச்சி ஆடும் டொக்டர்.”

நோயின் முழுக் கதையும் இந்த நாலு வசனத்துக்குள் இருக்கிறது. கழுத்தைத் திருப்பினால் வருகிறது, உடனே வராமல் சில விநாடி கழித்து வருகிறது, சுற்றுக்கு முன்னால் காது இரைகிறது, திருப்பி வைத்திருக்கும் வரை நீடித்து நேரே பார்த்ததும் நிற்கிறது. இந்த ஒழுங்கை அப்படியே எழுதி வைத்திருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது. ஆனால் முன்னைய துண்டுகள் எல்லாவற்றிலும் இருந்தது ஒரே சொல்: “தலைச்சுற்று”.

இடையில் சொல்லப்பட்ட மூன்று காரணங்கள்

முதலில் பிரஷர் என்று சொல்லப்பட்டது. அன்றைக்கு அளந்தபோது 150/94 இருந்தது. சுற்றி வாந்தியெடுத்துப் பயந்து வந்த ஆளுக்கு அது இருக்கத்தான் செய்யும். சிறுநீரைக் கூட்டிப் பிரஷரைக் குறைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 மி.கி. சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு தலைச்சுற்று கூடியது. முன்பு முழுக்கத் திரும்பினால் மட்டும் வந்தது, இப்போது பாதி திரும்பினாலே வந்தது. வெயிலில் வியர்த்து, சிறுநீரும் கூடுதலாகப் போய், குருதியமுக்கம் தாழ்ந்த உடம்பில் இது நடந்தது ஏன் என்பது பின்னால் தெளிவாகும்.

அடுத்து காதுக் கல். உட்செவியின் அரைவட்டக் கால்வாய்க்குள் நுண்ணிய சுண்ணாம்புத் துணிக்கைகள் நழுவி விழுவதால் வரும் தலைச்சுற்று இது, உலகெங்கும் மிகப் பொதுவானது. இதைக் கண்டுபிடிக்க டிக்ஸ்–ஹோல்பைக் பரிசோதனை செய்வார்கள்: இருந்தவாறே தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, அப்படியே வேகமாக மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்தைக் கட்டில் விளிம்புக்குக் கீழே 20 பாகை சாய்த்துக் கண்ணைப் பார்ப்பது. இவருக்கு வலப்பக்கம் செய்தபோது சுற்று வந்தது. வலக்காதுக் கல் என்று முடிவாகி, ஒரு கிழமை இடைவெளியில் மூன்று தடவை எப்லி முறை (தலையைப் படிப்படியாகத் திருப்பிக் கல்லைக் கால்வாயிலிருந்து வெளியேற்றுவது) செய்யப்பட்டது. பலன் இல்லை. தலை வலப்பக்கம் திரும்பியதால் சுற்று வந்ததா, படுத்ததால் வந்ததா என்று அந்தப் பரிசோதனை பிரித்துச் சொல்லாது. கண் எந்தத் திசையில் அடித்தது, எவ்வளவு நேரம் அடித்தது என்பதே பிரித்துச் சொல்லும். அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

மூன்றாவது, கழுத்து எலும்புத் தேய்மானம். எக்ஸ்ரேயில் ஐந்தாம், ஆறாம் கழுத்து முள்ளென்புகளுக்கு இடையில் சிறு முள் வளர்ச்சி தெரிந்தது. 47 வயதில் பாரம் தூக்கி வேலை செய்யும் எவருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் இப்படி ஏதாவது தெரியும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு அவர் கழுத்துக்கு எண்ணெய் போட்டுத் திருகி நெட்டி எடுப்பிக்கப் போய்விட்டார். இரண்டு தடவை போனார், இரண்டாவது தடவை கீழே விழுந்தார். கழுத்தை வேகமாகத் திருகும்போது நாடியின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் வரலாம். சலூனில் முடி வெட்டிய பிறகு “டக்” என்று கழுத்தை முறிப்பதும் இதே வகைதான். இவருக்கு அது நடக்காமல் போனது அதிர்ஷ்டம்.

இதற்கிடையில் தலைச்சுற்றை அடக்கும் சின்னரிசின் 25 மி.கி. நாளுக்கு மூன்று தடவை, ஆறு கிழமைக்கு மேல் ஓடியது. தூக்கக் கலக்கத்தோடு மெசின் ஓட்டியிருக்கிறார். இந்த மருந்தைத் தொடர்ந்து நெடுநாள் எடுத்தால், குறிப்பாக வயதானவர்களில், கைநடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் கொடுக்கக் கூடிய மருந்து அல்ல அது.

நாற்காலியில் கிடைத்த விடை

சாதாரணப் பரிசோதனையில் எதுவும் பிடிபடவில்லை. நேரே பார்க்கும்போது கண்ணாட்டம் (கண் தானாகத் துடித்து ஆடுவது) இல்லை. பேச்சு, விழுங்கல், முக உணர்ச்சி, கைகால் ஒத்திசைவு, ஒற்றைக் கோட்டில் நடை எல்லாம் சரி. படுத்த நிலையில் குருதியமுக்கம் 126/80, எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 106/70. இந்த 20 இறக்கம் கவனிக்க வேண்டியது. இதய வரைபடம், ஹீமோகுளோபின், குருதிச் சீனி, கேள்திறன் வரைபு எல்லாம் வழமை.

பிறகு சுழலும் கதிரை ஒன்றில் உட்கார வைத்து மூன்று திருப்பம் செய்யப்பட்டது. செலவே இல்லாத இந்தப் பரிசோதனைதான் இந்த ஆய்வின் மையம். அதனால் செய்யும் விதம் விரிவாகவே தரப்படுகிறது.

தொடங்கும் முன் இரண்டு கேள்வி: அண்மையில் திடீரெனப் பிடரியிலோ கழுத்திலோ புதிதாக வலி வந்ததா? பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்க மரப்பு வந்ததா? ஒன்றுக்காவது “ஓம்” என்றால் கழுத்தைத் தொடக்கூடாது, நேரே படமெடுக்க அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ஒருவர் பின்னால் நின்று தோளைத் தாங்க, இன்னொருவர் கைத்தொலைபேசியைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து மெதுவேக வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். நோயாளர் கண்ணை மூடக்கூடாது.

முதல் திருப்பம்: உடம்பு அசையாமல், நோயாளர் தானாகவே தலையை வலப்பக்கம் இயன்றவரை திருப்புவது. ஆறாவது விநாடியில் காது இரைகிறது என்றார். எட்டாவது விநாடியில் கண்ணாட்டம் தொடங்கியது. வேக வீச்சு கீழ்நோக்கியும் இடப்பக்கமாகவும் அடித்தது. பதினைந்தாவது விநாடியில் தலையை நேரே கொண்டுவரச் சொன்னதும் நாலைந்து விநாடியில் அடங்கியது. இடப்பக்கம் திருப்பியபோது 30 விநாடி காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது: கழுத்து நேராகவே இருக்க, தலையும் உடம்பும் ஒன்றாகக் கதிரையோடு வலப்பக்கம் 90 பாகை. 30 விநாடி காத்திருந்தும் சுற்றவில்லை.

மூன்றாவது: ஒருவர் நோயாளரின் தலையை இரு கையாலும் இழுக்காமல் அழுத்தாமல் நேரே பிடித்திருக்க, மற்றவர் கதிரையை மட்டும் மெதுவாக இடப்பக்கம் திருப்புவது. தலை வெளியில் அசையவேயில்லை, உட்செவிக்கு எந்த அசைவும் தெரியாது. ஆனால் உடம்பைப் பொறுத்தவரை கழுத்து வலப்பக்கம் திரும்பியதாகிறது. எட்டு விநாடியில் அதே இரைச்சல், அதே சுற்று, அதே கண்ணாட்டம்.

தலை அசைந்தும் கழுத்து திரும்பாதபோது சுற்றவில்லை. தலை அசையாமல் கழுத்து திரும்பியபோது சுற்றியது. காதுக் கல் இந்த ஒழுங்கில் நடக்காது, அது புவியீர்ப்புக்கு எதிராகத் தலை எப்படி இருக்கிறது என்பதற்கே அசையும். வலக்காதின் பின்கால்வாய்க் கல் என்றால் கண் மேல்நோக்கி, வலக்காதுப் பக்கம் சுழன்று அடிக்கும். தலையை அப்படியே வைத்திருந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக ஓயும். இவருக்குக் கண் கீழ்நோக்கி அடித்தது, தலை திரும்பியிருக்கும் வரை ஓயவில்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. இந்தப் பரிசோதனையை அடுத்தடுத்துச் செய்தால் ஒவ்வொரு தடவையும் கண்ணாட்டம் குறைந்துகொண்டே வரும். இவருக்கும் நாலாவது திருப்பத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. கருத்தரங்கிலோ வார்ட்டிலோ “இன்னொருதரம் காட்டுங்கள்” என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் “இவருக்கு ஒன்றுமில்லை, மனப்பயம்” என்று எழுதப்படும் ஆபத்து உண்மையானது. முதல் திருப்பத்தையே பதிவு செய்துவிட வேண்டும். இன்னொருதரம் தேவையென்றால் அரை மணித்தியாலமாவது ஓய்வு கொடுப்பது நல்லது.

நாடியின் வழி

மூளையின் பின்பாகத்துக்கு இரத்தம் கொண்டுபோவது இரண்டு முள்ளென்பு நாடிகள். வைத்தியர்கள் வெர்டெப்ரல் ஆர்ட்டரி என்பார்கள். காறையெலும்புக்குக் கீழால் போகும் பெரிய நாடியிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகக் கிளம்பி, பெரும்பாலும் ஆறாம் கழுத்து முள்ளென்பில் நுழைந்து, ஒவ்வோர் எலும்பின் பக்கத் துளையாலும் ஏறி, முதலாம் முள்ளென்புக்கு மேலால் வளைந்து மண்டைக்குள் போகின்றன. அங்கே மூளைத்தண்டுக்கு முன்னால் இரண்டும் சேர்ந்து பசிலர் நாடி என்ற ஒற்றைக் குழாய் ஆகின்றன. மூளைத்தண்டு, சிறுமூளை, பார்வைக்குரிய பின்மூளை, உட்செவி ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த வழியால்தான் இரத்தம் போகிறது. உட்செவிக்குப் போகும் கிளை தலைமயிர் போல மெல்லியது. வேறெந்த நாடியும் அதற்கு மாற்றாக இல்லை. அதனால்தான் பின்மூளை இரத்தம் குறையும்போது சிலருக்கு முதலில் காது இரைகிறது.

இரண்டு நாடிகளும் எல்லோருக்கும் சமமாக இருப்பதில்லை. ஏறக்குறைய பாதிப்பேருக்கு இடப்பக்கம் பெரிது, காற்பங்கினருக்கு வலப்பக்கம் பெரிது, மிகுதிப்பேருக்குத்தான் சமம். விட்டம் வழமையாக 3 முதல் 5 மி.மீ. வரை. 2 மி.மீ.க்குக் குறைந்தால் வளர்ச்சி குறைந்த நாடி என்பார்கள். இன்னும் சிலரில் ஒரு பக்க நாடி மற்றதோடு சேராமலே, சிறுமூளையின் கீழ்ப்பாகத்துக்குப் போகும் கிளையாக முடிந்துவிடும். முகப்பு நாடிகளிலிருந்து பின்னுக்கு வரும் இணைப்புக் குழாய்களும் பலரில் மெல்லியதாக அல்லது இல்லாமல் இருக்கும். முன், பின் நாடிகள் மூளையடியில் இணைவதாகப் பாடப்புத்தகத்தில் வரையும் அந்த முழு வட்டம் பாதிப்பேருக்குக்கூட முழுமையாக இருப்பதில்லை.

வயல்காரருக்கு இதை விளக்குவது எளிது. ஒரு வட்டைக்கு (வயல்வெளிக்கு) இரண்டு வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும். ஒன்று சின்னது, அது தன் ஓரத்து வயல் ஒன்றுக்குப் பாய்ந்து அங்கேயே முடிகிறது. மற்றப் பெரிய வாய்க்கால் ஒன்றுதான் முழு வட்டையையும் நனைக்கிறது. அதன் துருசு (மதகு) அடைபட்டால் வேறு வழி இல்லை. இவரிடம் அந்தத் துருசு இருந்தது கழுத்தில், முதலாம் இரண்டாம் முள்ளென்புகளுக்கு இடையில்.

கழுத்து திரும்பும் அளவில் ஏறத்தாழப் பாதி அந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. தலை வலப்பக்கம் திரும்பும்போது முதலாம் முள்ளென்பின் இடப்பக்கம் முன்னோக்கி நகர்கிறது, அதன் துளைக்குள் இருக்கும் இட நாடி இழுபட்டு மடங்குகிறது. எல்லோருக்கும் ஓரளவு நடப்பதுதான் இது. மற்ற நாடி உடனே ஈடுகட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஈடுகட்ட ஆளில்லாதவருக்குத் தெரியும். குருதியமுக்கம் தாழ்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம் தெரியும். ஹைட்ரோகுளோரோதயசைட் சேர்த்த பிறகு பாதித் திருப்பத்திலேயே சுற்றியதன் காரணம் இதுதான்.

1978இல் சோரென்சன் என்ற நரம்பியல் அறுவைச் சிகிச்சையாளர், வில்வித்தைப் பயிற்சியின்போது தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்து பாரிசவாதம் வந்த ஒருவரைப் பற்றி எழுதினார். அதிலிருந்து இதற்கு வில்வேடர் நோய் என்ற பெயர் நிலைத்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வில் எடுப்பார் இல்லை. ஆனால் பெரும்போகம், சிறுபோகம் என்று வருடத்தில் இரண்டு தடவை, மாதக்கணக்கில், தலையை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே வேலை செய்யும் மெசின் சாரதிகள் எத்தனையோ பேர். வலப்பக்கமே திரும்புவதற்கும் காரணம் உண்டு. ரொட்டவேட்டரை ஏற்றி இறக்கும் ஹைட்ரோலிக் லீவர் சீற்றின் வலக்கைப் பக்கத்தில் இருக்கிறது. கை அங்கே போகும்போது கண்ணும் அந்தத் தோளுக்கு மேலால்தான் போகும்.

படங்கள் காட்டியது

சாதாரண சி.ரி. ஸ்கேன் ஏற்கெனவே எடுக்கப்பட்டு “வழமை” என்று வந்திருந்தது. மூளைத்தண்டும் சிறுமூளையும் தடித்த எலும்புகளுக்கு நடுவில் இருப்பதால் அங்கே உள்ள சிறு இரத்தத்தடைச் சேதத்தைச் சி.ரி. பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ.யில் பழைய, புதிய சேதம் எதுவும் இல்லை. அதுகூட முதல் ஓரிரு நாளில் பின்மூளைச் சேதத்தைத் தவறவிடலாம் என்பதால், அறிகுறி இருக்கும் நோயாளரை ஒரு “நோர்மல்” அறிக்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

இரத்த ஓட்டத்தை ஒலியலையால் அளக்கும் கழுத்து டொப்ளர் ஸ்கேனில் வல நாடி 1.6 மி.மீ., இட நாடி 4.4 மி.மீ. தலை நேராக இருக்கும்போது இட நாடியில் ஓட்டம் நன்றாக இருந்தது. ஐந்தாம் முள்ளென்பு மட்டத்தில் கருவியை வைத்தபடி தலையை வலப்பக்கம் திருப்பியதும், இதயம் விரியும் நேரத்துக்குரிய ஓட்டம் பூச்சியமாகி, கூரிய சிறு முனைகள் மட்டும் மிஞ்சின. மேலே எங்கோ அடைபடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டு வழியாகப் பின்மூளை நாடியைப் பார்த்தபோது சராசரி வேகம் 38 செ.மீ./விநாடியிலிருந்து 15க்கு விழுந்தது. தலையை நேராக்கியதும் 52க்கு எகிறிப் பின் அடங்கியது. பசித்த திசு இரத்தத்தை வாரிக்கொள்ளும் அந்த எகிறல், இறக்கம் உண்மையானது என்பதற்குச் சான்று.

அதன் பிறகே சாயம் ஏற்றிய சி.ரி. நாடிப் படம், தலை நேராக ஒன்று, திருப்பி ஒன்று. கதிர்வீச்சும் சாயமும் இரட்டிப்பாவதால் டொப்ளரில் சான்று கிடைக்காத ஒருவருக்கு இதை எடுப்பதில் நியாயமில்லை. திருப்பி எடுக்கும் படத்தில்தான் பிழைகள் நடக்கும். சாயம் கழுத்துக்கு வந்துசேர 15 முதல் 20 விநாடி எடுக்கும். தலையை முன்கூட்டியே திருப்பிப் படுக்க வைத்துவிட்டுச் சாய ஊசி ஏற்பாட்டைத் தொடங்கினால் நோயாளர் நிமிடக்கணக்கில் அந்த நிலையில் கிடந்து வாந்தியெடுப்பார், அசைவார், படம் கெடும். எல்லாவற்றையும் தயார் செய்து, துவாயைச் சுருட்டிக் கன்னத்துக்கு அணையாக வைத்து, கையில் அழைப்பு மணியைக் கொடுத்து, சாயம் ஏறத் தொடங்கும்போதுதான் தலையைத் திருப்ப வேண்டும். படம் முடிந்த விநாடியே நேராக்க வேண்டும். சிறுநீரகச் செயற்பாட்டுக்கான கிரியேட்டினின் அளவை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

படத்தில் வல நாடி சிறுமூளைக் கிளையாக முடிந்தது, பசிலரோடு சேரவேயில்லை. இடப்பக்கப் பின் இணைப்புக் குழாய் தெரியவில்லை, வலப்பக்கத்தது நூல் போல இருந்தது. தலை நேராக இருக்கையில் இட நாடி முழுதாக நிரம்பியது. திருப்பியதும் முதலாம் இரண்டாம் முள்ளென்புகளுக்கு இடையில் குறுகி மொட்டையாக நின்றது. எக்ஸ்ரேயில் பழி சுமத்தப்பட்ட ஐந்தாம் ஆறாம் முள்ளென்பு முள், நாடியைத் தொடவேயில்லை. நாடிச் சுவரில் கொழுப்புப் படிவோ கிழிவோ காணப்படவில்லை. கொழும்பில் செய்த வடிகுழாய் நாடிப் படமும் இதையே உறுதி செய்தது.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்து, கழுத்து ஒரு பக்கம் திரும்பியபடி தூங்கிப் போவது எல்லோரும் செய்வதுதான். இந்த நோயாளர் அப்படித் தூங்கக்கூடாது. பயணத்துக்கு முன் மென்மையான கழுத்துப் பட்டி கொடுக்கப்பட்டது. அது கழுத்தை முழுதாகப் பூட்டாது, திரும்பும்போது நினைவூட்டும், அவ்வளவுதான். தூக்கத்தில் அந்த அளவே உதவி.

படத்தைப் பார்த்து முடிவெடுப்பதன் ஆபத்து

இங்கே நேர்மாறான பிழையையும் சொல்லியாக வேண்டும். அறிக்கையில் “வல நாடி வளர்ச்சி குறைவு” என்று ஒரு வரி வந்தால், தலைச்சுற்றுக்குக் காரணம் அகப்பட்டது என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு நாடி சின்னதாக இருப்பது பிறவி அமைப்பு. அப்படி இருப்பவர்களில் பெரும்பாலானோர் ஒரு குறையுமில்லாமல் முழு ஆயுளும் வாழ்ந்து முடிக்கிறார்கள். படுக்கையில் புரளும்போது அரை நிமிடம் சுற்றுகிற ஒரு அம்மாவுக்குக் காதுக் கல் இருக்கலாம், கூடவே சின்ன நாடியும் இருக்கலாம். எப்லி முறையில் ஐந்து நிமிடத்தில் சுகப்பட வேண்டியவரை வாழ்நாள் முழுக்க “மூளை நரம்புக் குழாய் நோயாளி” ஆக்குவது பெரிய அநியாயம். அமைப்பு வேறு, நோய் வேறு. திருப்பும்போது அறிகுறியும், அதே நேரம் கண்ணாட்டமும், அதே திருப்பத்தில் ஓட்டம் நிற்பதும் மூன்றும் ஒன்றாக நிரூபணமானால்தான் இந்தப் பெயரை வைக்கலாம்.

சிகிச்சை

முதலில் ஹைட்ரோகுளோரோதயசைட் நிறுத்தப்பட்டது. லொசார்ட்டன் 50 மி.கி. இரவுக்கு மாற்றப்பட்டது. இரண்டு கிழமையில் நின்ற நிலை அளவீடு 122/78. சுற்று வரும் கோணம் மறுபடி முழுத் திருப்பத்துக்குப் பின்வாங்கியது. சின்னரிசின் நிறுத்தப்பட்டது. அதனால் தலைச்சுற்று கூடவில்லை, தூக்கக் கலக்கம் போனது.

பிறகு மூன்று வழிகள் நோயாளரோடும் மனைவியோடும் பேசப்பட்டன. அறுவைச் சிகிச்சையில், முதலாம் முள்ளென்பின் துளையைத் திறந்து நாடியை விடுவிக்கலாம். கழுத்து அசைவு காக்கப்படும், ஆனால் சிலருக்கு மறுபடி நெரிபடும். முதலாம் இரண்டாம் முள்ளென்புகளை ஒன்றாகப் பூட்டினால் நாடி இனி நெரிபடாது, ஆனால் கழுத்துத் திருப்பத்தில் பாதி நிரந்தரமாகப் போகும். மூன்றாவது, திருப்பத்தைத் தவிர்த்து வாழ்வது. வெளியான சிறு நோயாளர் தொடர்களில் தவிர்த்து வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கிறார்கள். மயங்கி விழுதல், பாரிசவாதம், சிறு திருப்பத்திலேயே சுற்று என்று இருந்திருந்தால் அறுவைச் சிகிச்சை முன்னுக்கு வந்திருக்கும். இவருக்கு அவை இல்லை. மூன்றாவது வழி தெரிவானது.

அஸ்பிரின் 75 மி.கி. சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கப்பட்டது. கொழுப்புப் படிவு இல்லாத, வெறும் நெரிதல் மட்டும் உள்ளவருக்கு இதன் பலன் பற்றிய சான்று மெலிது. ஆனால் திரும்பத் திரும்ப நெரிபட்ட உட்சுவரில் கட்டி உறைந்து மேலே போகலாம் என்ற கவலையில் கொடுப்பது நியாயமே. எங்கள் பகுதியில் இதற்கு ஒரு கட்டாயக் குறிப்பு சேர வேண்டும்: மாரி மழையோடு டெங்கு வரும் இடம் இது. காய்ச்சல் கண்ட அன்றே அஸ்பிரினை நிறுத்தி, பனடோல் மட்டும் எடுத்து, குருதிப் பரிசோதனைக்கு வரும்படி எழுதிக் கொடுக்கப்பட்டது.

“கழுத்தைத் திருப்பாதீங்க” என்று மட்டும் சொன்னால் சாரதி ஒருவரால் அதைக் கடைப்பிடிக்க முடியாது. அளவு சொல்ல வேண்டும். இவருக்குச் சொல்லப்பட்ட அளவு: மூக்கு நுனி, நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவே வந்தால் நிறுத்து. அது ஏறத்தாழ 45 பாகை. அதற்கு மேல் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு உடம்பைத் திருப்பு. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கிழமை இதைப் பழகினார். மெசினின் இரு பக்க மட்காட்டிலும் அகன்ற குவிவுக் கண்ணாடி பொருத்தப்பட்டது, வலக் கண்ணாடி ரொட்டவேட்டரின் விளிம்பு தெரியும்படி கீழ்நோக்கிச் சாய்த்து. பின்னோக்கி எடுக்கும்போதும் ட்ரெயிலர் மாட்டும்போதும் உதவியாள் கீழே நின்று கைகாட்டுவது. உச்சி வெயிலில் ஓட்டம் இல்லை, மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீர். தெருவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது முதல் மூன்று மாதம் நிறுத்தப்பட்டது. சந்தியில் தலை திருப்பிப் பார்க்காமல் ஓட்ட முடியாது, அங்கே சுற்றினால் அவர் மட்டுமல்ல, எதிரே வருபவரும் போவார்.

வீட்டாருக்கு ஒன்று தனியாகச் சொல்லப்பட்டது. கழுத்தை நேராக்கியும் இரண்டு நிமிடத்துக்கு மேல் சுற்று நிற்காவிட்டால், நாக்குக் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், முகமோ கையோ மரத்தால், விழுங்க முடியாவிட்டால், இருக்கவே முடியாமல் ஒரு பக்கம் சரிந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். கட்டி கரைக்கும் மருந்துக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம்.

பின்தொடர்வு

முதல் மாதத்தில் இரண்டு தடவை சுற்று வந்தது, இரண்டும் பழக்கதோஷத்தில் திரும்பியவை. நாலாம் மாதத்தில் சிறுபோக உழவு முழுவதையும் கண்ணாடியை நம்பி முடித்தார். ஒரு தடவையும் வரவில்லை. கழுத்துப் பட்டி ஆறு கிழமையில் எடுக்கப்பட்டது. நெடுநாள் போட்டால் கழுத்துத் தசை நலிந்துவிடும். 14 மாதத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் புதிய சேதம் இல்லை. டொப்ளரில் திருப்பினால் ஓட்டம் நிற்பது அப்படியே இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். நாடியின் அமைப்பு மாறவில்லை, மாறியது திரும்பும் பழக்கம்.

மீதியாக இருந்தது, அவர் தன் கழுத்தைத் தானே காக்க முடியாத நேரங்கள். சத்திரசிகிச்சை மேசையில் மயக்க மருந்தின் கீழ், பல் வைத்தியரின் கதிரையில், தீவிர சிகிச்சையில் கழுத்து நாளத்தில் குழாய் போடும்போது, தலையை மற்றவர்கள் திருப்புவார்கள். மயக்கத்தில் இருப்பவர் “சுத்துது” என்று சொல்ல மாட்டார். அதனால் கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் சிவப்பு மையில் எழுதி ஒட்டப்பட்டது: “தலையை வலப்பக்கம் 45 பாகைக்கு மேல் திருப்ப வேண்டாம். இட முள்ளென்பு நாடி அடைபடும். மாற்று ஓட்டம் இல்லை.” அதை மடித்து லைசன்ஸோடு பேர்சிலும் வைத்திருக்கிறார்.